துணிக்கோலால் அளந்த நடை

சாமியறை மூலையில் ஒரு கோல் சாத்தியிருக்கிறது. மூன்றடி நீளம். இரண்டு முனையிலும் பித்தளைப் பூண், அங்குலத்துக்கு அங்குலம் கோடு. தெற்கே ஒரு பட்டணத்தில் துணிக்கடை வைத்திருந்த காலம் முழுவதும் என் கையில் இருந்த கோல் அது. சீத்தை, வாயில், வேட்டித்துணி என்று அதனால் நான் அளந்து கிழித்த துணியை விரித்தால் எங்கள் தீவைச் சுற்றி வரும். ஆனால் அந்தக் கோலை நினைத்தால் கடை நினைவுக்கு வருவதில்லை. என் மனைவியின் நடைதான் வருகிறது. அவள் கண்மூடி அம்மாளடி சேர்ந்து நான்கு வருடமாகிறது.

நான் படித்தது ஏழாம் வகுப்பு வரை. கடிதம் எழுதியிருக்கிறேன், கடைக் கணக்குக் கொப்பி எழுதியிருக்கிறேன். இப்படி ஒன்று எழுதுவது இதுதான் முதல் தரம்.

எங்கள் ஊர் புங்குடுதீவு, மடத்துவெளி. எங்கள் பக்கத்து ஆம்பிளைகள் அநேகம்பேர் அப்போது கடைகளில்தான் இருந்தார்கள். பெண்சாதி பிள்ளைகள் ஊரில், நாங்கள் கடையில். வருடத்தில் ஒருமுறை, ஆனி மாதம் நயினாதீவு அம்மாளின் திருவிழாவுக்கு இருபது நாள் வருவேன். வரும்போது எல்லாருக்கும் துணி. அந்த இருபது நாளும் வீட்டில் விருந்தாளி மாதிரி. கதிரையில் இருக்க வேண்டியது, தேத்தண்ணி வரும். போகும் நாளில் மனைவி வேலிப் படலை வரை வந்து நிற்பாள். அதற்கு அப்பால் வரமாட்டாள். பஸ் எடுக்கும் இடம் வரை ஏன் வருவதில்லை என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

மகளுக்குக் கலியாணம் முடிந்து அவள் வவுனியாப் பக்கம் போனபிறகு, கடையைத் தம்பியின் கையில் விட்டுவிட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். எழுபதுகளின் நடுவில். அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் எங்காவது புறப்பட்டால், "நீங்கள் முன்னாலை போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்பாள். நான் போய்ச் சேர்ந்து நெடுநேரத்துக்குப் பிறகுதான் வருவாள். இருந்தால் எழும்பமாட்டாள். எழும்பினால் சுவரில் கை வைக்காமல் நிற்கமாட்டாள்.

"முழங்காலிலை நோவோ?" என்று கேட்டேன்.

"வயசு போனால் எல்லாருக்கும் உள்ளதுதானே."

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

எங்கள் வீட்டு வளவுக் கிணறு உவர். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அரை மைல் தள்ளி உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். ஒரு குடம் இடுப்பில், ஒரு வாளி கையில். காலையும் மாலையும். எத்தனையோ வருடம் அதை அவள்தான் செய்தாள். ஒருமுறை அந்தக் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். கடைக்குக் கடிதம் வந்தது. "கிணற்றடியில் சறுக்கி விழுந்தனான். முழங்கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் வரவேண்டாம்." தீபாவளிக்கு இரண்டு கிழமை இருந்தது. துணிக்கடையில் அந்த நாளில் கண் மூட நேரமிராது. அவளே வரவேண்டாம் என்று எழுதியிருக்கிறாள். நான் வரவில்லை.

இன்னொரு சங்கதியும் உண்டு. அதற்கு முன்னம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபோயிட் வந்து கடையின் பின்னறையில் மூன்று கிழமை நினைவு தப்பிக் கிடந்தேன். அந்த நேரத்தில் அவள் நயினாதீவு அம்மாளுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். நான் பிழைத்தால், கோயில் உள்வீதியை ஒரு சுற்று அடிப்பிரதட்சணம் செய்வதாக. குதிக்கால் பெருவிரலைத் தொட, அடியோடு அடி ஒட்டி வைத்து நடப்பது. நான் பிழைத்தேன். அந்த வருடத் திருவிழாவுக்கு மகளுக்கு அம்மை. அடுத்த வருடத்துக்கு முன்னம் அவள் விழுந்துவிட்டாள். நேர்த்தி அப்படியே நின்றது.

"அதை நான் செய்துவிடுறன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்கடை உயிருக்கு நீங்களே நடக்கிறதோ? நான் வாய்விட்டுச் சொன்னது. நான்தான் நடக்கவேணும். அதைச் செய்யாமல் என்னாலை கண் மூட ஏலாது."

அதற்காகத்தான் வைத்தியரிடம் வரச் சம்மதித்தாள். நோவுக்காக அல்ல.

யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரு ஆசுபத்திரியில் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். முழங்கால் தேய்ந்தவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று அளந்து பார்ப்பதில் அவருக்கு ஒரு பிரியம். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்களுக்கு விளங்கும்படி கதைத்தார்.

"அம்மாவின்ரை முழங்காலிலை உள்பக்கம் தேஞ்சு போச்சு. அதாலை கால் வில்லு மாதிரி வளையுது. ஆனால் படத்திலை எலும்பு அசையாமல் நிக்குது. நோவு நடக்கேக்கை எல்லோ? ஒவ்வொரு அடிக்கும் பாரம் எப்பிடி விழுகுது எண்டு தெரிஞ்சால்தான், வெட்டிச் சரிக்கட்ட வேணுமோ, வெட்டாமல் சமாளிக்கலாமோ எண்டு சொல்லலாம்."

வெட்டு என்றதும் என் மனைவி என் சட்டைக் கையைப் பிடித்தாள். கலியாண நாளுக்குப் பிறகு நாலு பேர் முன்னிலையில் அவள் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

விறாந்தை நீளத்துக்குக் கடதாசி விரித்தார்கள். பழைய படிவங்களை ஒட்டிச் செய்தது. எழுத்துப் பக்கம் கீழே, வெறும் பக்கம் மேலே. உள்ளங்காலில் வெள்ளைச்சீலைக்குப் போடும் நீலத்தைத் தண்ணீரில் கரைத்துப் பூசினார்கள். அதில் நடந்தால் காலடி பதியும். பிறகு அடிக்கு அடி அளப்பார். கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம்.

"அம்மா, வீட்டிலை நடக்கிற மாதிரி நடவுங்கோ."

அவள் குனிந்து கடதாசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு நடந்தாள். அந்த நடையை நான் என்ன சொல்ல! குதி நிலத்தில் படவில்லை. சூடான மணலில் ஓடுகிறவள் மாதிரி நுனிக்காலில், ஓரம் ஓரமாக, விறுவிறு என்று போய் மறுபக்கம் இறங்கினாள். முகமெல்லாம் வியர்வை.

டொக்டர் கடதாசியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஐயா, வீட்டிலையும் அம்மா இப்பிடியோ நடக்கிறவ?"

என்ன சொல்வது? ஓம் என்று சொல்லவும் தெரியவில்லை, இல்லை என்று சொல்லவும் தெரியவில்லை. கலியாணம் முடித்து முப்பத்திரண்டு வருடம். ஒரு கோல் துணியைக் கண்ணால் பார்த்தே அரை அங்குலம் குறைகிறது என்று சொல்லக்கூடியவன் நான். என் பெண்சாதி எந்தக் காலை ஊன்றி எந்தக் காலை இழுக்கிறாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

"நான்... கடையிலை இருந்தனான், டொக்டர்" என்றேன்.

அவர் குனிந்து கடதாசியைச் சுருட்டினார்.

திரும்பும் பஸ் மண்கும்பான் ஊரைத் தாண்டியது. அதற்குப் பிறகு அவள் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அதிலை எழுத்துக் கிடந்தது."

"எதிலை?"

"அந்தக் கடுதாசியிலை. பின்பக்கம். சரஸ்வதியை மிதிச்சுக் கொண்டு எப்பிடி நடக்கிறது?"

"அதை டொக்டரிட்டைச் சொல்லுறதுதானே!"

"படிச்ச பிள்ளை. அவருக்குத் தெரியாதே? தெரிஞ்சும் விரிச்சால் நான் என்ன சொல்லுறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடையில் நாங்கள்கூடக் கடதாசி காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுவோம். அவள் பக்கத்தில் நின்றும் அது என் புத்தியில் படவில்லையே.

அடுத்த கிழமை தனியப் போய் டொக்டரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "எத்தினை பேர் இப்பிடி நடந்திட்டுப் போச்சினமோ தெரியாது" என்றார். பிறகு கேட்டார். "உங்கடை வளவு மணல் தானே, ஐயா?"

"ஓம். வெள்ளை மணல்."

"கடுதாசி வேண்டாம். விடியக் கூட்டின மணலிலை அம்மா நடக்கட்டும். நீங்கள் அளவுங்கோ." எப்படி அளப்பது என்று ஒரு கடதாசித் துண்டில் படம் கீறித் தந்தார். வலது குதியிலிருந்து இடது குதி மட்டும் எவ்வளவு, இடதிலிருந்து வலது எவ்வளவு, இரண்டு காலுக்கும் இடையில் அகலம் எவ்வளவு, பாதம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது.

மறுநாள் விடிய வளவை நானே கூட்டினேன். பெண்சாதி கையிலிருந்து விளக்குமாற்றை வாங்குவதற்கே ஒரு சண்டை. கூட்டிவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த துணிக்கோலை எடுத்து வந்தேன். அவள் அடுப்படிக் குசினி வாசலிலிருந்து கிணற்றடி வரை நடந்தாள். நான் மணலில் முழந்தாளிட்டு அளந்து அளந்து கொப்பியில் எழுதினேன். பதினைந்து அங்குலம், பதினைந்து, பதினைந்தரை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அடுத்த நாளும் அப்படியே. நல்ல நடை. அழகான நடை. எனக்குச் சந்தோசம்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வளவுக்காரி, கைம்பெண், வாய்க்காரி. கிடுகு வேலிக்கு மேலால் தலை தெரிந்தது.

"என்ன அண்ணை, வளவை அளக்கிறியள்? விக்கப் போறியளோ?"

"இல்லைப் பிள்ளை. உன்ரை அக்காவின்ரை நடையை அளக்கிறன்."

"கடையிலை துணி முடிஞ்சு போச்சுதோ, நடையை அளக்க வந்திட்டியள்!" என்று சிரித்தாள். பிறகு மணலைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா உங்களுக்குத்தான் இப்பிடி நடந்து காட்டுறா. நீங்கள் கோயிலுக்குப் போன பிறகு வந்து பாருங்கோ."

"என்ன சொல்லுறாய்?"

"நான் ஒண்டும் சொல்லயில்லை. ஊருக்கெல்லாம் தெரிஞ்சதை உங்களுக்கு நான் ஏன் சொல்லுவான்?" தலை வேலிக்குக் கீழே போய்விட்டது.

அடுத்த நாள் வழமைபோல் வளவைக் கூட்டிவிட்டு, முருகன் கோயில் காலைப் பூசைக்குப் போனேன். திருநீறு வாங்கிக்கொண்டு வந்து, அவளைக் கூப்பிடாமல் கோலோடு மணலில் குந்தினேன்.

இடது காலடி ஆழம். வலது காலடி மேலோட்டம், விரல் பக்கம் இழுபட்டிருந்தது. வலது குதியிலிருந்து இடது குதிக்கு ஏழு அங்குலம். இடதிலிருந்து வலதுக்குப் பன்னிரண்டு. ஆறேழு அடிக்கு ஒருமுறை இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்திருந்தன. நின்று மூச்சு விட்ட இடங்கள். குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் அப்படி ஐந்து இடம். ஒவ்வொரு வலது காலடிக்கும் பக்கத்தில், வெளிப்புறமாக, ஒரு சின்ன வட்டக் குழி. முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. கோலின் பூணை அதற்குள் வைத்துப் பார்த்தேன். அளவாக இருந்தது.

தடி.

குசினிக்குள் போனேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால், விறகோடு விறகாக ஒரு பூவரசந்தடி நின்றது. கைபிடிக்கும் இடம் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. துணிக்கோலின் நடுப்பகுதி என் கைபட்டு அப்படி மினுங்கப் பத்து வருடம் பிடித்தது.

"இது எவ்வளவு காலம்?" என்று கேட்டேன்.

அவள் திரும்பவில்லை. "விழுந்த வருசம் தொடக்கம்."

"நான் ஒருநாளும் காணயில்லையே."

"நீங்கள் வாற அண்டைக்கு விறகுக்கை வைச்சிடுவன். போன பிறகு எடுப்பன்." ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "வருசத்திலை இருபது நாள் வாறனீங்கள். அந்த இருபது நாளும் நல்ல காலோடை நிக்கவேணும் எண்டு நினைச்சனான். அது ஒரு பெரிய விசயமே? இப்ப நீங்கள் ஒரேயடியா வந்து நிக்கிறியள். ஒளிக்கிறதுக்குத்தான் ஏலாமல் கிடக்கு."

கடைசி வார்த்தைக்கு அவளே சிரித்தாள். நான் போய்ச் சாமியறையில் இருந்தேன். கும்பிடவும் வரவில்லை. படலை வரை வந்து நின்றது, பின்னால் வாறன் என்றது, கூட்டின மணலில் பதினைந்து அங்குலம் பதினைந்து அங்குலமாக எனக்கு நடந்து காட்டியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான் கடையில் தனியாக இருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் என்னை நினைத்து நானே இரங்கியிருந்தேன். பின்னறையில் தனியப் படுக்கிறேன், தனியச் சாப்பிடுகிறேன் என்று. இந்தப் பக்கம் ஒருத்தி ஐந்து இடத்தில் நின்று நின்று கிணற்றடிக்குப் போய் வந்திருக்கிறாள்.

பதினாறு நாள் அளந்தேன். காலையில் அவள் தடியை ஒளிக்காமல் நடந்தாள். கொப்பியை டொக்டரிடம் கொண்டுபோனோம். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இந்தக் குழியையும் அளந்தனீங்களோ, ஐயா!" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "நோகிறது வலது கால். தடி பிடிக்கிறது வலது கை. அப்பிடித்தானே?"

"வேறை எப்பிடிப் பிடிக்கிறது? நோகிற காலுக்குத்தானே தடி."

"இல்லை, அம்மா. இடது கையிலை பிடியுங்கோ. வலது காலும் தடியும் ஒண்டாய் முன்னுக்குப் போகவேணும். அப்பத்தான் அந்த முழங்காலிலை விழுகிற பாரம் குறையும்."

விறாந்தையில் நடந்து பார்க்கச் சொன்னார். கடதாசி இல்லாமல். முதல் நாலைந்து அடி தடுமாறினாள். பிறகு பிடிபட்டது. மறுகரைக்குப் போய்த் திரும்பி நின்று, நம்பமுடியாதவள் மாதிரித் தடியைப் பார்த்தாள்.

"இவ்வளவு காலமும் கை மாறிப் பிடிச்சிருக்கிறன்" என்றாள். "ஆரும் சொல்லயில்லையே."

யார் சொல்வது? சொல்ல வேண்டிய நான் ஆட்களில்லாத வீட்டுக்கு மணியோடர் அனுப்புகிற மாதிரி, வருடா வருடம் துணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனேன்.

வெட்டு இப்போதைக்கு வேண்டாம் என்றார் டொக்டர். கதிரையில் இருந்து காலை நீட்டிப் பத்து எண்ணும் வரை பிடிக்கிற பயிற்சி ஒன்றைக் காட்டினார். தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது என்றார். அன்றிலிருந்து தண்ணீர் நான் தூக்கினேன். அந்த அரை மைலில் எத்தனை இடத்தில் நிற்கவேண்டி வரும் என்பது அப்போது எனக்கும் தெரிந்தது.

ஐந்து மாதம் கழித்து, திருவிழாக் கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனோம். வள்ளக்காரன் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான். ஐயரிடம் தடியைக் காட்டி, உள்ளே கொண்டு போகலாமோ என்று கேட்டேன்.

"கழுவிப்போட்டுக் கொண்டுபோங்கோ. கால் மாதிரித்தானே அதுவும்" என்றார்.

கிணற்றடியில் தடியைக் கழுவினேன். அவளுடைய கால்களையும் நானே கழுவினேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள், ஆட்கள் பார்ப்பார்கள் என்றாள். ஆட்கள் இருக்கவில்லை. இடது கையில் தடி, வலது கையில் செவ்வரத்தம்பூ. கொடிமரத்தடியில் நின்றபோது சொன்னாள்.

"நீங்கள் இதிலை இருங்கோ. வரவேண்டாம். இது நான் தனிய வைச்ச நேர்த்தி."

நான் தூணோடு இருந்தேன். அவள் தெற்கு வீதியால் தொடங்கினாள். குதி, விரல். குதி, விரல். கல்லில் தடி ஊன்றும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பழக்கம் விடவில்லை, எண்ணினேன். நூற்றி நாற்பது வரை வந்தது. பிறகு அவள் மூலஸ்தானத்துக்குப் பின்னால் மேற்கு வீதிக்குத் திரும்பினாள். சத்தம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

காத்திருந்தேன். வெளியே ஒரு ஆடு கத்தியது. மடைப்பள்ளியில் பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. தடிச் சத்தம் இல்லை. எழும்பிப் போவோமா என்று நினைத்தேன். வரவேண்டாம் என்று அவள் சொன்னாளே, நேர்த்திக்குக் குற்றம் வந்துவிடுமோ என்று பயந்தேன். அம்மாளே, அவளுடைய காலைப் பிடித்துக்கொள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. வடக்கு வீதியில் டொக் என்று ஒன்று கேட்டது. பிறகு இன்னொன்று.

கொடிமரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய முகம் வியர்த்து, குங்குமம் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது. விழுந்து கும்பிட ஏலாது. நின்றபடியே பூவை வைத்து நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு தூணில் சாய்ந்தாள்.

"முடிஞ்சுது" என்றாள். "எத்தினை எண்ணினனீங்கள்?"

"நான் எங்கை எண்ணினனான்?"

"எனக்குத் தெரியாதே உங்களை!"

"பின்வீதியிலை விட்டிட்டன். சத்தம் கேக்கயில்லை. ஏன் அதிலை அவ்வளவு நேரம் நிண்டனீர்? நோவோ?"

"நோவில்லை."

"பின்னை?"

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீங்கள் எழும்பி வாறியளோ எண்டு பாத்தனான்."

"வரவேண்டாம் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"ஓம்" என்றாள். "நான்தான் சொன்னனான்."

தீபாவளிக்கு முன் வந்த அந்தக் கடிதத்திலும் அதே வார்த்தைதான். கோபமில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐயர் விபூதிப் பிரசாதத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வலது கையில் வாங்கிக்கொண்டு, இடது கையால் தடியை ஊன்றி, வள்ளத்துறைப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். அன்றைக்கு என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. நான் அவளுக்குப் பின்னால், அவள் நின்ற இடமெல்லாம் நின்று, அவளுடைய அடி அளவுக்கு என் அடியைக் குறைத்துக்கொண்டு நடந்தேன்.